கடைசியாகத் தோற்ற நாள்

தென்சீமைச் செம்மண் கார்ப் பந்தயப் பேரவையில் சேர ஒரே ஒரு படிவம் போதும். விலகுவதற்குத்தான் மூன்று. தோற்று விலக ஒன்று, அடிபட்டு விலக ஒன்று, செத்து விலக ஒன்று. மூன்றாவதிலும் விண்ணப்பதாரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். ஐந்து வருடமாகத் தோற்காதவரும், கைகால் சுகமாக இருப்பவரும், இன்னும் உயிரோடு இருப்பவருமான செம்மலைக்கு எதை எடுத்து நிரப்புவது என்று விளங்கவில்லை.

செம்மலை வாரத்தில் ஆறு நாள் காரைக்குடியில் லாரிகளுக்கு மரத்தில் பாடி கட்டுகிற ஆசாரி. ஞாயிற்றுக்கிழமை வந்தால், சாக்கோட்டை போகிற வழியிலுள்ள பொட்டலில் வட்டமாக அடித்துப்போட்ட செம்மண் தடத்தில் கார் ஓட்டுவார். பழைய கார்களை வாங்கி, கண்ணாடிகளைக் கழற்றிக் கம்பிக்கூண்டு கட்டி, கதவுகளைப் பற்றவைத்து மூடிவிடுவார்கள். ஓட்டுநர் சன்னல் வழியாக நுழைந்து சன்னல் வழியாகவே வெளியே வரவேண்டும். பந்தயம் சில மாதங்களுக்கு ஒருமுறை, பத்துச் சுற்று. இரண்டாம் சுற்றிலிருந்து புழுதியில் முன்னால் போகிறவனுக்கு மட்டும்தான் தடம் தெரியும். செம்மலை பெரும்பாலும் முன்னால் போகிறவர்.

ஆனி மாதப் பந்தயத்தில்தான் அது நடந்தது. மூன்றாம் வளைவில் ஒரு கார் குப்புறக் கவிழ்ந்தது. அந்த வளைவில் கொடி பிடிக்கும் அழகி என்ற பெண் தடத்தின் விளிம்புக்கே வந்து மஞ்சள் கொடியை வீசினாள். மஞ்சள் கொடி வீசினால் வேகத்தைக் குறைக்க வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. எல்லோரும் குறைத்தார்கள். அன்று மூன்றாவதாகப் போய்க்கொண்டிருந்த செம்மலை மட்டும் குறைக்காமல், அந்த இடத்திலேயே இரண்டு கார்களை முந்தி ஜெயித்துவிட்டார்.

விதிப்படி அவரைத் தள்ளியிருக்க வேண்டும். ஆனால் சாம்பியன் கொடியைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது, பார்த்தும் போயிருக்கிறார் என்றால் அது துணிச்சல் என்று பேரவை முடிவுசெய்து, ‘துணிச்சல் திலகம்’ என்றொரு கேடயம் கொடுத்தது. கொடி கிழிந்துபோனதற்காக அழகிக்கு ஒரு மெமோ கொடுத்தது.

அன்று சாயங்காலம் காரைக் கழுவும்போது, வலது சன்னல் கம்பியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் துணி மாட்டிக்கொண்டிருப்பதைச் செம்மலை பார்த்தார். குழாயை மூடிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் கொடியைப் பார்க்கவில்லை. கொடியைப் பிடித்திருந்த பெண்ணையும் பார்க்கவில்லை. அங்கே ஒருத்தி நின்றதே கேடயம் வாங்கும்போதுதான் அவருக்குத் தெரியும். துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மனைவி நாகவல்லி அவரை மதுரைக்குக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். கண்ணில் அழுத்தம் கூடி, வலப்பக்கப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிவருகிறது என்றார் மருத்துவர். நேராக இருப்பது தெரியும், பக்கத்திலிருந்து வருவது தெரியாது. சொட்டு மருந்து போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான். கார் பக்கமே போகக் கூடாது என்று எழுதியும் கொடுத்தார்.

அடுத்த பந்தயம் புரட்டாசியில். இடையில் பதினொரு வாரம் இருந்தது. ஒரு கடுதாசி கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள அது தாராளம் என்று செம்மலை நினைத்தார்.

பேரவை அலுவலகம் செக்காலை ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. தலைவர் அரசப்பனை யாரும் வெறுங்கையோடு பார்க்கப் போவதில்லை. பதினேழு வருடமாக அவர் தலைவர். கார் ஓட்டத் தெரியாது, அதற்கு ஆள் வைத்திருந்தார். விழா விழாவாகப் பழத்தட்டும் தாம்பூலத் தட்டும் வாங்கி வாங்கி, எங்கே ஒரு தட்டைக் கண்டாலும் அவருடைய இரண்டு கைகளும் தாமாக முன்னே போய்விடும். ஒருமுறை ஓட்டலில் அடுத்த மேசைக்குப் போய்க்கொண்டிருந்த பூரித் தட்டை அப்படி வாங்கிக்கொண்டு, சர்வருக்கு வணக்கமும் சொல்லியிருக்கிறார். செம்மலை நீட்டிய ஆப்பிள் தட்டையும் வாங்கினார். அதன்மேல் இருந்த கடுதாசியை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தார்.

“ஓய்வா? தோத்துட்டியா?” என்றார் தலைவர்.

“இல்லங்கய்யா.”

“அடி கிடி பட்டுச்சா?”

“அதெல்லாம் இல்லங்கய்யா. நல்லா இருக்கையிலேயே நிறுத்திக்கிரலாம்னு பாக்குறேன்.”

செயலாளர் முத்தரசு தாலுகா அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர். ஓய்வுபெற்ற மறுநாளே இங்கே வந்து உட்கார்ந்துகொண்டவர். படிவத்தைத் திருப்பிக் காட்டினார். “இந்தா பாருங்க. ‘கடைசியாகத் தோற்ற நாள்’னு கட்டம் இருக்கு. அத வெறுமனே விட்டீகன்னா நாளைக்குத் தணிக்கையில என்னையக் கேப்பாக.”

“அஞ்சு வருசத்துக்கு முந்தித் தோத்தேன்ல, அந்தத் தேதியப் போடலாமா?”

“அதுக்கப்புறம் ஜெயிச்சு அந்தத் தோல்விய நீங்களே செல்லாம ஆக்கிப்புட்டீக.”

“அப்ப புரட்டாசியில ஒருதரம் தோத்துட்டு…”

“வேணும்னு தோத்தா விதி ஒம்பது. ஆயுள் தடை. இதுவரைக்கும் ஜெயிச்சதும் போயிரும்.”

“வராமலே இருந்துட்டா?”

“விதி பத்து. ‘ஓடி ஒளிந்தவர்’னு மைக்குல அறிவிச்சு, பலகையில எழுதி வைக்கணும். காளையார்கோவில் வரைக்கும் நோட்டீஸ் ஒட்டணும்.” முத்தரசு கொஞ்சம் யோசித்தார். “மாப்பிள்ளை இருக்காரா?”

“மக ஏழாப்புப் படிக்குது.”

“இருந்தாருன்னா விதி பதினஞ்சு இருக்கு. வண்டிச் சாவியத் தட்டுல வச்சுக் குடுக்கலாம். கையில வாங்கிக்கிட்டவருக்குப் பட்டம், இடம், பொறுப்பு எல்லாம் போயிரும். நம்ம நிறுவனர் அவுக மாப்பிள்ளைக்குக் குடுத்தாகள்ல, அதுக்காக எழுதுனது.”

கண்ணைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று செம்மலை மருத்துவர் காகிதம் இருந்த சட்டைப் பையைத் தொட்டார். அதற்குள் முத்தரசு விதி பதினொன்றையும் படித்துவிட்டார். உடற்குறையை மறைத்து ஓட்டியவரின் வெற்றிகள் அனைத்தும் முதல் நாளிலிருந்து நீக்கப்படும். செம்மலை கையை எடுத்துக்கொண்டார். ஐந்து வருடம் புழுதியைத் தின்று சேர்த்த பெயர் அது. அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை.

படி இறங்குவதற்குள் செய்தி ஊருக்குள் இறங்கிவிட்டது. ஜெயிக்கிறவன் விலகுகிறேன் என்றால் எதிரணிக்குப் போகிறான் என்று அர்த்தம். அதைத் தவிர வேறு அர்த்தம் பேரவை வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது.

அணிகள் இரண்டு. கம்பிக்கடைச் சேவுகனின் ‘ஆதி அணி’. அவருடைய கூடப்பிறந்த அக்காள் அகிலாண்டேஸ்வரி ஆச்சி நடத்தும் ‘அசல் அணி’. ஒன்றாக இருந்தவர்கள்தான். ஒரு பூசையில் காருக்கு முன்னால் தேங்காயை யார் உடைப்பது என்பதில் பிரிந்தார்கள். அந்தத் தேங்காய் இன்றுவரை உடைபடாமல், வழக்குப் பொருளாகப் பேரவை பீரோவில் இருக்கிறது. செம்மலை ஆதி அணிக்காரர். கடுதாசி கொடுத்த மறுநாளே சேவுகன் இரண்டு ஆட்களை வீட்டை ஒட்டிய பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டார். செம்மலை டீக்கடைக்குப் போனால் அவர்களும் டீ குடித்தார்கள்.

“என்ன கொறை வச்சேன் ஒனக்கு? எங்க அக்கா என்ன சொல்லுச்சு?” என்று கேட்டார் சேவுகன்.

“ஒண்ணும் சொல்லலண்ணே. எனக்கு ஓட்ட முடியல.”

“அம்புட்டு நல்லா பேசியிருக்கு போல” என்று சேவுகன் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஓட்டுநர் அணி மாறுவதைப் பேரவை எப்போதும் பெண் கேட்கிற முறைப்படியே நடத்தியது. கேட்கிற அணி வீட்டுக்குத் தட்டோடு வரவேண்டும். வீட்டில் தட்டை வாங்கிக்கொண்டால் சம்மதம், அதற்குமேல் பேச்சு இல்லை. ஐந்து வருடத்தில் யாரும் செம்மலை வீட்டுக்குத் தட்டோடு வந்ததில்லை. அதனால் இப்படி ஒரு விதி இருப்பதையே அவர் நாகவல்லியிடம் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, வாசல் ஆட்கள் அவர் பின்னாலேயே டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில், அகிலாண்டேஸ்வரி ஆச்சி ஏழு பெண்களோடு வந்து இறங்கினார். நாகவல்லி பாய் விரித்தாள், காப்பி கொடுத்தாள். ஆச்சி அவள் மகளின் படிப்பை விசாரித்தார், கொத்தமல்லிச் செடி வாடியிருப்பதற்கு வைத்தியம் சொன்னார். எழுந்திருக்கும்போது வெற்றிலை, பாக்கு, பழம், ஒரு சீலை வைத்த தட்டை நீட்டினார். நாகவல்லி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளியே யாரோ கைதட்டினார்கள். எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

“வீடு தேடி வந்தவுக வெத்தல பாக்கு நீட்டுறாக. வேணாம்னு சொல்லுவாகளா?” என்றாள், செம்மலை திரும்பி வந்து தட்டைப் பற்றிக் கேட்டதும். விஷயத்தைக் கேட்டபின் அவள் முகம் வெளுத்துவிட்டது. “அய்யோ, ஒங்கள ஓட்ட விடக்கூடாதுன்னு நெனைக்கையில ரெண்டு வண்டியில ஏத்திவிட்டுப்புட்டேனே.”

செம்மலைக்கு அவள்மீது கோபம் வரவில்லை. அவராக இருந்தாலும் வாங்கியிருப்பார். தட்டு முன்னே நீளும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம் அந்தப் பக்கத்தில் யாருக்கும் இல்லை.

சேவுகன் செம்மலையை விட்டுத்தர மறுத்ததால், பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பேரவை கூடியது. அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து முத்தரசு வழியாகப் பேசிக்கொண்டார்கள். செம்மலை எழுந்து நின்றார். பேர் போனாலும் போகட்டும் என்று அன்று காலையில்தான் தீர்மானித்திருந்தார். சட்டைப் பையிலிருந்து மருத்துவர் காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

“எனக்கு வலது பக்கம் தெரியலங்கய்யா. மூணாம் வளைவுல அந்தப் பொண்ணு நின்னதே எனக்குத் தெரியாது. ஒரு சாண் தள்ளிப் போயிருந்தா அது செத்திருக்கும். என்னைய விட்டுருங்க.”

முத்தரசு காகிதத்தைத் தொடாமல், ஸ்கேலால் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

“நம்ம மருத்துவக் குழு தை மாசத்துல ஒங்க கண்ண நல்லாருக்குன்னு எழுதிருக்கு. அது அடுத்த தை வரைக்கும் செல்லும். வெளிக்காகிதத்த அதுவரைக்கும் வாங்கக்கூடாது.” மருத்துவக் குழு என்பது ஒரு கால்நடை மருத்துவர். அவர் தலைவருடைய மைத்துனர் என்பதால் அவரைக் குழு என்று சொல்லும் வழக்கம் வந்திருந்தது.

“அப்ப எனக்குத் தெரியலங்கிறது?”

“தைக்கு மேல தெரியாமப் போகலாம்” என்றார் முத்தரசு. அதில் கேலி எதுவும் இல்லை.

பிறகு தலைவர் எழுந்து தீர்ப்புச் சொன்னார். மேடையில் ஏறினால் அவருக்கு வேறு தமிழ் வந்துவிடும். “பெருமக்களே. இந்தப் பேரவை யாரையும் கைவிட்டதில்லை. விலக விரும்பியவரைக்கூட நாம் விட்டதில்லை. செம்மலை அவர்கள் முதல் ஐந்து சுற்றை ஆதி அணிக் காரிலும், அடுத்த ஐந்து சுற்றை அசல் அணிக் காரிலும் ஓட்டுவார். இரண்டில் எது குறைந்த நேரத்தில் முடிகிறதோ அது வெற்றி. மற்றது தோல்வி. இதனால் செம்மலை அவர்கள் செம்மலை அவர்களிடம் முறைப்படி தோற்று, அந்தத் தேதியைக் கட்டத்தில் எழுதி, தகுதியோடு ஓய்வுபெறலாம். பாதுகாப்பைப் பொறுத்தவரை நமக்கு அதில் சமரசமே கிடையாது. பதினேழு ஆண்டுகளில் எந்த விபத்தும் நம் பதிவேட்டில் ஏறியதில்லை. ஏற நாம் விட்டதில்லை.”

எல்லோரும் கைதட்டினார்கள். அக்காளும் தம்பியும்கூட ஒரே நேரத்தில் தட்டிவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

அந்தப் பத்து நாளும் செம்மலைக்குச் சோறு இறங்கவில்லை. பட்டறையில் பலகை அறுக்கும்போதுகூட வலப்பக்கம் யாரோ வந்து நிற்பதுபோலத் தோன்றித் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வராமல் இருந்துவிடுங்கள் என்றாள் நாகவல்லி. ஓடி ஒளிந்தவன் என்று நோட்டீஸ் ஒட்டினால் மகள் பள்ளிக்கூடத்துக்கு அதைத் தாண்டித்தான் போகவேண்டும். மெதுவாக ஓட்டினால் விதி ஒன்பது. யோசித்து யோசித்துக் கடைசியில், அழகியை வளைவை விட்டுத் தள்ளி நிறுத்தச் சொல்லிக் கெஞ்சலாம் என்று முடிவுசெய்தார். அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

புரட்டாசி ஞாயிறு. வெயில் ஏறுவதற்குள் பொட்டலைச் சுற்றி ஆயிரம் பேருக்குமேல் நின்றார்கள். இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எட்டுச் சக்கரத்துக்கு எட்டு எலுமிச்சம்பழம். சாம்பியனுக்குச் செய்யும் மரியாதை இரண்டு அணி சார்பிலும் இரண்டு தடவை நடந்ததால், செம்மலை தலையில் இரண்டு பரிவட்டம். அவர் முத்தரசைத் தேடிப் பிடித்தார்.

“அய்யா, அந்தப் பொண்ண மட்டும் வளைவுல நிக்க வேணாம்னு சொல்லுங்க. ஒரு அம்பதடி அங்குட்டு நிக்கட்டும்.”

“அதெல்லாம் சரி பண்ணிட்டேன். அது இப்பல்லாம் ஒத்திகைக்கு வந்தா எடத்துல நிக்கிறதே இல்ல. மூணு மெமோ குடுத்தாச்சு. இன்னைக்குச் சுண்ணாம்புல வட்டம் போட்டுட்டேன். தடத்துலேர்ந்து ரெண்டடி. வட்டத்த விட்டுக் கால வெளிய வச்சா வேலையில்லன்னு எழுதி வாங்கிட்டேன்.”

செம்மலை தலையை முழுதும் வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். மூன்றாம் வளைவில், வெள்ளை வட்டத்துக்குள் அழகி கொடியோடு நின்றாள். ஒரு முனை கிழிந்த அதே கொடி. தலையை நேராக்கினார். அவள் இல்லை. திரும்பத் திருப்பினார். நின்றாள்.

அப்போது மரியாதைத் தட்டை அவர் கையில் கொடுத்தார்கள். தேங்காய், வெற்றிலை, இரண்டு காருக்கும் இரண்டு சாவி. அவர் சாவியை எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பித் தரவேண்டும். தலைவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். “உச்சியில் இருக்கும்போது இறங்குவது வீரம். அந்த வீரத்தை நாம் முறைப்படுத்தியிருக்கிறோம்.”

செம்மலை சாவிகளைப் பார்த்தார். நாகவல்லி தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஐந்து வருடம் என்று ஒருகணம் நினைத்துக்கொண்டார். பிறகு சாவிகளை எடுக்காமல், இரண்டு எட்டு வைத்து, தட்டைத் தலைவருக்கு முன்னால் நீட்டினார்.

தலைவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் கைகள் மைக்கை விட்டுவிட்டு வந்து தட்டை வாங்கிக்கொண்டன. ஒரு வணக்கமும் சொன்னார்.

“விதி பதினஞ்சு” என்றார் செம்மலை. மைக் பக்கத்தில் இருந்ததால் அது பொட்டல் முழுவதும் கேட்டது.

முத்தரசு அனிச்சையாகப் புத்தகத்தைத் திறந்து படித்தார். அவர் வாழ்நாளில் ஒரு விதியைப் பாதியில் நிறுத்தியதில்லை. சாவியுள்ள தட்டைக் கையில் வாங்கியவர் பட்டத்தையும் இடத்தையும் அன்றைய ஓட்டத்தையும் ஏற்றவராவார். மாப்பிள்ளை என்ற சொல் விதியில் இல்லை. நிறுவனர் கூச்சத்தில் எழுதாமல் விட்டிருந்தார்.

“இது மாப்பிள்ளைக்குள்ளதுய்யா” என்றார் தலைவர்.

“‘வாங்கியவர்’னுதாங்க இருக்கு” என்றார் முத்தரசு.

“நான் ஓட்டல.”

“ஓட்டாட்டி விதி பத்துங்க. ஓடி ஒளிந்தவர். நான்தான் அறிவிக்கணும்.” முத்தரசு மைக்கைக் கையில் எடுத்துவிட்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, தயக்கம் இல்லை.

கூட்டம் தலைவர் பெயரைச் சொல்லிக் கத்த ஆரம்பித்தது. நாலு பேர் அவரைத் தூக்கிச் சன்னல் வழியாக ஆதி அணிக் காருக்குள் செருகினார்கள். வேட்டி கம்பியில் மாட்டியது. தலைக்கவசத்தைப் பின்பக்கம் முன்னாக மாட்டி, திருத்திவிட்டார்கள். யாரோ சாவியைத் திருகினார்கள். எஞ்சின் உறுமியதும் தலைவரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. காலுக்கடியில் மூன்று மிதி இருந்தது, எது என்னவென்று தெரியவில்லை. ஒன்றை மிதித்தார். கார் துள்ளி, எலுமிச்சம்பழங்களை நசுக்கி, நாலடி போய் நின்றது. அவர் கண் முதன்முதலாகத் தடத்தின் ஓரத்தைப் பார்த்தது.

“ஏய், மொதல்ல அந்தப் பொண்ண அங்கிட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா. மேல விட்டுட்டா யாரு பதில் சொல்றது?”

உடனே இரண்டு பேர் ஓடினார்கள். அழகி அவர்களோடு வட்டத்தை விட்டு வெளியே வந்து, ஐம்பதடி தள்ளிப் போய் நின்றாள். பதினொரு வாரம் செம்மலை சேர்த்துவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. அவர் அங்கேயே நசுங்கிய எலுமிச்சம்பழங்களின் மேல் குந்திவிட்டார்.

அதன்பின் நடந்ததைப் பேரவையின் வரலாற்றில் அவசரக் கூட்டம் என்று பதிந்திருக்கிறார்கள். சன்னலைச் சுற்றி உறுப்பினர்கள் நின்றார்கள். தலைவர் உள்ளே இருந்தபடியே முன்மொழிந்தார். சேவுகன் வழிமொழிந்தார். அகிலாண்டேஸ்வரி ஆச்சியும் வழிமொழிந்தார். யார் முதலில் வழிமொழிந்தது என்பது தனி வழக்காக இப்போது நடக்கிறது. நான்கு நிமிடத்தில் படிவத்திலிருந்து ‘கடைசியாகத் தோற்ற நாள்’ என்ற கட்டம் அடிக்கப்பட்டது. தலைவர் ஸ்டியரிங் மேல் படிவத்தை வைத்து, ஓட்டத்திலிருந்து விலகுவதாகக் கையெழுத்துப் போட்டார். அவரை வெளியே இழுக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

தரையில் கால் பட்டதும் அவருக்கு மேடைத்தமிழ் திரும்பிவிட்டது. “ஒருமுறைகூடத் தோற்காமல் இந்த இருக்கையை விட்டு எழுகிறேன். பதவி ஆசை எனக்கு என்றுமே இருந்ததில்லை. தலைவராகத் தொடர்வேன்.”

மறுவாரம் அலுவலக மாடியில் புதுப் பலகை மாட்டினார்கள். ஐந்து வருடத்து வெற்றிகளும் வரிசையாக எழுதி, கடைசியில் ‘தோல்வி காணாமல் உச்சத்தில் ஓய்வுபெற்ற முதல் சாம்பியன் – அரசப்பன்’ என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. சொட்டு மருந்து வாங்கப் போன செம்மலை ஏறிப்போய்ப் பார்த்தார். தலையை இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பி முழுப் பலகையையும் படித்தார். தன் பெயர் எங்கும் இல்லை. நெஞ்சில் சுருக்கென்றுதான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

திரும்பும்போது படியில் அழகி எதிரே ஏறிவந்தாள். கையில் மெமோக்கள். செம்மலை வழிவிட்டு நின்றார். சொல்லாமல் போக முடியவில்லை.

“தாயி, ஆனிப் பந்தயத்துல நான் ஒன்னையப் பாக்கவே இல்ல. துணிச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு தெரியல.”

“தெரியும்ணே. நீங்க வந்த வரத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதான் அடுத்த ஒத்திகையிலேர்ந்து பத்தடி தள்ளி நின்னேன்.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

“எழுதிக் குடுத்தேன். சாம்பியனப் பழிச்சதுக்கு ஒரு மெமோ.” அவள் கையிலிருந்த காகிதங்களில் அதைத் தேடி எடுத்துக் காட்டினாள். “நீங்க தட்ட நீட்டலேன்னா அன்னைக்கு வட்டத்துக்குள்ளதான் நின்னிருப்பேன். வேற வேலை இல்லண்ணே எனக்கு.”

செம்மலை சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினார். தட்டு இல்லை, வெறும் கைதான். அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

“நல்லவேளைண்ணே. கிழிஞ்ச துண்ட ஒப்படைக்கச் சொல்லித்தான் இப்ப கூப்புட்டுருக்காக” என்று சொல்லிவிட்டு, துணியை மெமோவோடு சேர்த்து மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.